இரைப்பையில் கட்டி, ஆனால் "வழக்கமான இரைப்பைப் புற்று இல்லை" என்கிறார்கள். அப்போ இது என்ன?

தாழம்பூ
வணக்கம். ஒன்றரை வருஷமா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு 61 வயசு. மூணு மாசமா அசதி, மாடி ஏறினா மூச்சு வாங்கும். ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 7. மலம் கறுப்பா போய்ட்டிருந்ததை எங்ககிட்ட சொல்லவே இல்லை, "சத்து மாத்திரைன்னு நெனச்சேன்"னு சொல்றாங்க. எண்டோஸ்கோபியில இரைப்பைக்குள்ள மழமழன்னு ஒரு மேடு, அதன் உச்சியில சின்னதா ஒரு புண். பயாப்ஸி எடுத்தாங்க. "சளிச்சவ்வு இயல்பாக உள்ளது"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. நாங்க வீட்ல சந்தோஷப்பட்டோம், டாக்டர் மட்டும் படலை. சிடி ஸ்கேன், அப்புறம் ஆபரேஷன். கட்டி 6 செ.மீ.

இப்ப வந்திருக்கிற ரிப்போர்ட்: ஜிஸ்ட் (கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் ஸ்ட்ரோமல் டியூமர்), எபிதீலியாய்ட் வகை, புரதச் சாய டெஸ்ட்டுல டாக்1 பலமா பாசிட்டிவ், சிடி117 லேசா, மைட்டோசிஸ் (செல் பிரியற எண்ணிக்கை) நுண்ணோக்கியில 50 ஃபீல்டுக்கு 7.

முதல் பயாப்ஸி எப்படி நார்மல்னு வந்துச்சு? ஆபரேஷன்லயும் இரைப்பையில ஒரு துண்டை மட்டும் எடுத்தாங்க, நெறிக்கட்டி எதையும் எடுக்கலை. சித்தப்பா "அரைகுறையா பண்ணிட்டாங்க"ன்னு தினமும் போன்ல சொல்றார். ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க, மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் மாத்திரை ஆரம்பிக்காம சும்மா இருக்கலாமா?

வாதப்பிரியன்
ஒரே கட்டிக்கு ஒரு தடவை நார்மல், ஒரு தடவை புற்றுன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு. ஸ்லைடை வாங்கி இன்னொரு லேப்ல காட்டுங்க. ஜீன் டெஸ்ட் எல்லாம் பில் ஏத்துற வேலை. எதுவா இருந்தாலும் கீமோதானே கொடுக்கப் போறாங்க?

கண்ணாடித்தகடு
இரண்டில் எதுவும் தப்பில்லை. இருபத்தாறு வருடம் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விளக்குகிறேன்.

இரைப்பைச் சுவர் ஒரே படலம் அல்ல. உள்ளே உணவு தொடும் பக்கம் சளிச்சவ்வு. அதன் கீழே தளர்வான ஒரு அடுக்கு, ரத்தக்குழாய்கள் ஓடுமிடம். அதற்கும் கீழே தடித்த தசை. எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய உறை. நாம் பொதுவாக "இரைப்பைப் புற்று" என்று சொல்வதில் பத்துக்கு ஒன்பது அடினோகார்சினோமா. அது சளிச்சவ்வில் இருக்கும் சுரப்பிச் செல்களில் பிறப்பது, அதனால் எண்டோஸ்கோபிக் குழாயின் முனையில் இருக்கும் சிறு இடுக்கி கிள்ளும் இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

அம்மாவுடையது தசை அடுக்கில் பிறந்தது. அங்கிருந்து உள்நோக்கி வளர்ந்து, நல்ல சளிச்சவ்வைக் கீழிருந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது. கம்பளத்துக்கு அடியில் பந்து உருண்டு கிடந்தால் மேலே நூலைக் கிள்ளிப் பார்த்து என்ன தெரியும்? நூல் நல்ல நூல்தான் என்று தெரியும். உங்கள் டாக்டர் சந்தோஷப்படாததற்குக் காரணம் அதுவே. மழமழப்பான மேடு, நடுவில் புண் என்றதுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். இம்மாதிரிக் கட்டிகளுக்கு எண்டோஸ்கோபியோடு அல்ட்ராசவுண்ட் சேர்ந்த கருவியால் எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்து, ஊசியை ஆழமாக விட்டு எடுப்பதுண்டு. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அதற்குக் காத்திராமல் நேரே அறுவை சிகிச்சைக்குப் போவதும் உண்டு.

நெறிக்கட்டி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சுரப்பிச் செல்லில் பிறந்த புற்று நிணநீர்க் குழாய் வழியே நெறிக்கட்டிக்குப் போகும், ஆகவே அதையும் சேர்த்து எடுப்பார்கள். ஜிஸ்ட் அந்த வழியில் போவது அபூர்வம். போனால் ரத்தத்தின் வழியே கல்லீரலுக்கு, அல்லது வயிற்றறை உறைக்கு. அதனால் சுற்றிலும் நல்ல திசு சேர வெட்டி எடுத்தால் போதும், முழு இரைப்பையையும் எடுக்க வேண்டியதில்லை. இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது கட்டி கைபட்டு உடைவதற்குத்தான். உடைந்தால் வயிற்றுக்குள் விதைத்தது போலாகும். ரிப்போர்ட்டில் "உறை முழுமையாக உள்ளது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். சித்தப்பாவிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

தாழம்பூ
இருக்கு சார்! "உடைப்பு இல்லை, வெட்டு ஓரங்களில் கட்டி இல்லை"ன்னு போட்டிருக்கு. அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. புற்றுன்ற வார்த்தைக்கு அப்புறம் கண்ணு வேற எதையும் படிக்கலை.

மூன்றாவது இன்னிங்ஸ்
தாழம்பூ, நானும் ஜிஸ்ட் ஆள்தான் மா. எனக்கு சிறுகுடல்ல. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல கல்லீரல்ல வந்துச்சு. ஒன்பது வருஷமா தினம் ஒரு இமாட்டினிப் மாத்திரை, 400 மி.கி. இதோ உக்காந்து டைப் அடிச்சுட்டு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லு.

வாதப்பிரியன் தம்பி, "கீமோதானே"ன்னு லேசா சொல்லிட்டீங்க. இந்தக் கட்டி பழைய கீமோவுக்கு அசைஞ்சே கொடுக்காது. கதிர்வீச்சுக்கும் பெருசா இல்லை. மாத்திரை வர்றதுக்கு முன்னாடி கல்லீரலுக்குப் பரவினவங்களுக்குக் கொடுக்க உருப்படியா எதுவுமே கிடையாது. எனக்கு அப்ப டாக்டர் சொன்னது: "இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா உங்களுக்குச் சொல்ல என்கிட்ட வார்த்தையே இருந்திருக்காது."

வாதப்பிரியன்
அண்ணே, உங்களைக் காயப்படுத்த எழுதலை. ஆனா கேள்வி நிக்குது. இது தசையில வர்ற கட்டின்னா தசைக்கட்டின்னு சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு தனிப் பேரு, தனி டெஸ்ட்டு, தனி மாத்திரை?

கண்ணாடித்தகடு
நல்ல கேள்வி. இதே கேள்வியில்தான் எங்கள் துறை நாற்பது வருடம் முட்டிக்கொண்டிருந்தது.

நுண்ணோக்கியில் பெரும்பாலான ஜிஸ்ட் செல்கள் நூல் நூற்கும் கதிர் போல் நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்திருக்கும். மழமழத் தசைச் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஆகவே லியோமயோமா, லியோமயோசார்கோமா, லியோமயோபிளாஸ்டோமா என்று தசையின் பெயரிலேயே எழுதிவந்தார்கள். அம்மாவுடையது போல உருண்டையான செல்கள் கொண்ட எபிதீலியாய்ட் வகைக்குத்தான் 1960களில் அந்தக் கடைசிப் பெயர் புழங்கியது. பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது, புரதங்களுக்குச் சாயமேற்றும் முறை வந்தது. பார்த்தால் பல கட்டிகளில் தசைக்குரிய அடையாளமும் ஒழுங்காக இல்லை, நரம்பு உறைக்குரிய அடையாளமும் இல்லை. 1983இல் மேசூர், கிளார்க் என்ற இருவர் எந்தப் பக்கமும் சாயாமல் "ஸ்ட்ரோமல் கட்டி" என்று பெயரிட்டார்கள். இடைத்திசுக் கட்டி என்று சொல்லலாம். நேர்மையான பெயர் என்பேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது தெரிந்த மாதிரிப் பெயர் வைக்கவில்லை.

விடை 1998இல் வந்தது. ஜப்பானில் ஹிரோட்டா, கிட்டமுரா குழு இந்தக் கட்டிகளில் "கிட்" என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பதைக் காட்டியது. கிட் புரதம் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வாங்கி. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டும் "பெருகு" என்று உள்ளே சொல்ல வேண்டியது. பிறழ்ந்தால் யாரும் கூப்பிடாமலேயே சொல்லிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் வரும் சிடி117 என்பது இந்தக் கிட்டின் இன்னொரு பெயர்தான்.

இந்தக் கிட்டை நிரந்தரமாக வைத்திருக்கும் ஒரு செல் குடல் தசைக்குள் ஏற்கனவே இருந்தது. அதைப் பற்றி எறும்பு எழுதினால் நன்றாக இருக்கும். அவருக்கு அதில் பித்து உண்டு.

எறும்பு
கூப்பிட்டுட்டீங்க, இனி நிறுத்த மாட்டேன் :)

சான்டியாகோ ரமோன் இ கஹால். ஸ்பெயின்காரர், நரம்பியலின் தாத்தா. 1906 நோபலைக் கோல்ஜியோடு பகிர்ந்துகொண்டார், ரெண்டு பேருக்கும் ஒருத்தர் கொள்கை ஒருத்தருக்கு ஆகவே ஆகாது. (டாக்டர்கள் "கஜால்"னு சொல்வாங்க. ஸ்பானிஷ்ல கஹால்.) 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடலைச் சாயமேத்திப் பார்த்தப்ப, நரம்பு நுனிகளுக்கும் தசைக்கும் நடுவுல கிளைவிட்ட சின்னச் செல்களைக் கண்டார். பழமையான ஒருவகை நரம்புச் செல்னு நினைச்சார். வரைஞ்சது சரி, ஜாதகம் தப்பு. அவை நரம்பு வம்சம் இல்லை. கருவில் தசை உருவாகுற அதே இடைத்திசுவிலிருந்துதான் வருது. தசைக்கு அண்ணன் தம்பி முறை.

இதுங்களோட வேலை என்னன்னு தெரியுமா? தாளம் போடுறது. இரைப்பை நிமிஷத்துக்கு 3 தடவை, முன்சிறுகுடல் 11, 12 தடவைன்னு மின்னலை எழுப்பும். அந்த அலை கிளம்புறது கஹால் செல்லில். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கணு மாதிரி. 1992இல் ஜப்பானில் பிறந்த குட்டி எலிகளுக்குக் கிட்டைத் தடுக்கிற ஆன்டிபாடி போட்டாங்க. கஹால் செல் வலைப்பின்னல் உருவாகலை, குடல் தாளம் தப்பி நின்னுபோச்சு. அதாவது அந்தச் செல் வளரவே கிட் வேணும். அப்ப கிட் கட்டுக்கடங்காம போனா எந்தச் செல் பெருகும்? 1998லேயே ஸ்வீடன் குழு ஒண்ணு இதைப் பேஸ்மேக்கர் செல் கட்டின்னே கூப்பிட்டது.

வாதப்பிரியன்
இது சுவாரசியமா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஓட்டை. கிட் இருக்கறதாலயே கஹால் செல்லுன்னு முடிவு பண்ணலாமா? கிட் வேற எங்கயுமே இல்லையா?

எறும்பு
நிறைய இடத்துல இருக்கு. மாஸ்ட் செல், தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட், விந்து முட்டைக்கான மூலச் செல்கள். அதனால கிட் மட்டும் சாட்சி இல்லை. 2004இல் கண்டுபிடிச்ச டாக்1 இன்னொரு சாட்சி. பேரே "ஜிஸ்ட்டில் கண்டுபிடிக்கப்பட்டது" என்பதோட சுருக்கம், நாயோட சம்பந்தம் இல்லை. அது ஒரு குளோரைடு வாய்க்கால். கஹால் செல்லிலும் இருக்கு, அந்த மின்னலைக்கே அது வேணும். மூணாவது சாட்சி குடும்பங்கள். கிட் பிறழ்வோடவே பிறக்கிற சில குடும்பங்கள்ல, கட்டி வர்றதுக்கு முன்னாடியே குடல் முழுக்கக் கஹால் செல் அடுக்கு தடிச்சுக் கிடக்கும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். குடலைத் தொடாம, கொழுப்புத்திரையில (வயித்துக்குள்ள குடலுக்கு முன்னால தொங்குற கொழுப்பு மடிப்பு) மட்டும் வர்ற ஜிஸ்ட் உண்டு. அதனால முதிர்ந்த கஹால் செல்லா, இல்லை கஹாலாகவும் தசையாகவும் போகக்கூடிய முன்னோடிச் செல்லான்னு இன்னும் சண்டை இருக்கு. நான் முன்னோடிக் கட்சி.

கண்ணாடித்தகடு
நான் கஹால் கட்சி. கொழுப்புத்திரையில் தனியாகக் கிடப்பதாகச் சொன்ன பலவற்றை நன்றாகத் தேடினால் இரைப்பைச் சுவரோடு ஒரு மெல்லிய காம்பு இருக்கும். வெளிப்பக்கம் வளர்ந்து தொங்கி, காம்பு அறுந்தவை. எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு காரணத்துக்காக எடுத்த முழு இரைப்பைகளை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்த ஜப்பானிய ஆய்வில், 100இல் 35 இரைப்பைகளில் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஜிஸ்ட்கள் இருந்தன. சிலவற்றில் கிட் பிறழ்வும் இருந்தது. ஆனால் நோயாக வெளிப்படுவது பத்து லட்சம் பேருக்கு ஆண்டில் பத்துப் பதினைந்துதான். அப்படியானால் பிறழ்வு என்பது முதல் படி மட்டுமே. பெரும்பாலானவை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

தாழம்பூ
படிக்கப் படிக்க பயம் குறையுதா கூடுதான்னு தெரியலை. ஆனா ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கு சிடி117 "லேசா"ன்னுதான் இருக்கு. கிட் தான் காரணம்னா அது பலமாத்தானே இருக்கணும்? நேத்து ஆன்காலஜி டாக்டர் கிட்ட சித்தப்பா வந்து "நாளைக்கே மாத்திரை ஆரம்பிங்க"ன்னு ஒத்தைக்கால்ல நின்னார். அவர் ஜீன் ரிப்போர்ட் வரட்டும்னுட்டார்.

கண்ணாடித்தகடு
நீங்கள் சரியான நூலைப் பிடித்திருக்கிறீர்கள். எல்லா ஜிஸ்ட்டும் கிட்டால் வருவதல்ல. கிட் 75 முதல் 80 விழுக்காடு. 2003இல் இன்னொரு குற்றவாளி பிடிபட்டது: பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணு. நான்காவது குரோமோசோமில் இரண்டும் அக்கம்பக்கத்து வீடு, உருவமும் ஒரே ஜாடை. இதன் பிறழ்வு உள்ள கட்டிகள் பெரும்பாலும் இரைப்பையில் வரும், செல்கள் உருண்டையாக இருக்கும், சிடி117 மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், டாக்1 பலமாக இருக்கும். அம்மாவின் ரிப்போர்ட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் ஊகம்தான் செய்கிறேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் அதில்தான் கட்டுவேன்.

இரண்டும் இல்லாத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு, எஸ்டிஹெச் என்ற நொதி கெட்டது. பெரும்பாலும் சிறுவயதினரில், பெண்களில் அதிகம். 61 வயதில் அது குறைவு.

இப்போது சித்தப்பா விஷயம். ஆபத்தைக் கணிக்க மூன்று கேட்போம்: அளவு, மைட்டோசிஸ் எண்ணிக்கை, இடம். 5 முதல் 10 செ.மீ. இரைப்பைக் கட்டி, மைட்டோசிஸ் 5க்குள் என்றால், மாத்திரை இல்லாத காலத்துக் கணக்கில் பரவியது 3.6 விழுக்காடு. அதே கட்டி நடுச்சிறுகுடலில் இருந்திருந்தால் 24. பிறந்த இடம் எவ்வளவு பேசுகிறது பாருங்கள். அம்மாவுக்கு மைட்டோசிஸ் 7, எல்லைக்கு அந்தப் பக்கம், ஆகவே ஆபத்து அதிகப் பட்டியலில் வருகிறார். அந்தப் பட்டியலுக்குத் தடுப்பாக மூன்று வருடம் இமாட்டினிப் கொடுப்பது 2012இல் வந்த ஆய்வுக்குப் பிறகு வழக்கம். ஆனால் அந்த ஆய்விலேயே ஆபரேஷன் முடிந்து 12 வாரத்துக்குள் ஆரம்பித்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். மூன்று வாரம் காத்திருப்பதால் ஒன்றும் கைவிட்டுப் போகாது.

வாதப்பிரியன்
எந்த ஜீனா இருந்தாலும் அதே மாத்திரைன்னா ஏன் காத்திருக்கணும்?

மூன்றாவது இன்னிங்ஸ்
அதே மாத்திரை இல்லைங்கறதுதான் விஷயம் தம்பி. எனக்குக் கிட்ல எக்ஸான் 11 (எக்ஸான்னா ஜீனோட ஒரு பகுதி). நல்ல பிள்ளை, 400க்கே அடங்கிடும். எக்ஸான் 9 வந்தவங்களுக்கு, பரவியிருந்தா 800 வரைக்கும் போறாங்க. அந்த இன்னொரு ஜீன்ல ஒரு வகை இருக்கு, 842. அதுக்கு இமாட்டினிப் தண்ணிக்குச் சமம்.

மாத்திரையும் மிட்டாய் இல்லை. காலையில கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கும். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். முகம் வெளுத்துடுச்சு, ஆறு மாசத்துல எல்லாரும் "கலர் ஆயிட்டீங்களே, என்ன போடறீங்க"ன்னு கேட்டாங்க. எறும்பு மேல சொன்னாப்ல பாருங்க, தோலுக்கு நிறம் கொடுக்கற செல்லுலயும் கிட் இருக்குன்னு. அதையும் சேர்த்து அமுக்கிடுது. ஒன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கே காரணம் புரிஞ்சுது! பலன் இல்லாத இடத்துல இதையெல்லாம் எதுக்கு மூணு வருஷம் சுமக்கணும்?

எறும்பு
842 ஏன் அடங்காதுன்னு ஒரு வரி. இமாட்டினிப், அந்தப் புரதம் மூடிய நிலையில இருக்கும்போது போய் இடுக்குல செருகிக்கிற மருந்து. 842ஆம் இடத்துல அஸ்பார்டிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்தா, புரதம் திறந்த நிலையிலேயே இறுகிடும். மூடவே மூடாத கதவுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? திறந்த நிலையிலேயே பிடிக்கிற அவாப்ரிட்டினிப் 2020இல் அனுமதி வாங்கியிருக்கு. ஆனா அது அறுவையால எடுக்க முடியாததுக்கும், பரவினதுக்கும்.

முதன்முதலா ஜிஸ்ட்டுக்கு இமாட்டினிப் போட்டது 2000 மார்ச்சில், ஹெல்சின்கியில் ஒரு பெண்மணிக்கு. ரத்தப் புற்றுக்குன்னு செஞ்ச மருந்து அது. அது தடுக்கிற பட்டியல்ல கிட்டும் இருக்கேன்னு ஒருத்தர் யோசிச்சிருக்கார். 1998இல் எந்தத் திசுன்னு தெரியாம போயிருந்தா அந்த யோசனைக்கே இடமில்லை.

வாதப்பிரியன்
பில் ஏத்துற வேலைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டாவது லேப்ல ஸ்லைடு காட்டச் சொன்னதை வாங்கலை.

கண்ணாடித்தகடு
அதை வாங்கவே வேண்டாம். அரிதான கட்டிக்கு இன்னொரு ஜோடிக் கண் எப்போதும் நல்லது. மைட்டோசிஸ் 7ஆ 4ஆ என்பதில் இரண்டு நல்ல ஆட்கள் வேறுபடலாம்.

தாழம்பூ (19 நாள் கழித்து)
ரிப்போர்ட் வந்துடுச்சு. பிடிஜிஎஃப்ஆர்ஏ, எக்ஸான் 18, டி842வி, அதாவது மேல சொன்ன அதே 842. சார், பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க.

ஸ்லைடை வேற இடத்துலயும் பார்த்தாங்க. ஜிஸ்ட்தான்னு உறுதி, மைட்டோசிஸ் 6ன்னு சொன்னாங்க. டாக்டர் மாத்திரை வேண்டாம்னுட்டார். இந்த வகை பொதுவா மெதுவாத்தான் போகும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிடி ஸ்கேன், வந்தா அப்ப பார்க்கலாம், அதுக்குத் தனி மருந்து இருக்குன்னார்.

சித்தப்பாவுக்கு இதுதான் தாங்கலை. "புற்றுன்னு சொல்லிட்டு ஒரு மாத்திரைகூட எழுதாம அனுப்பறாங்களே"ன்னு கத்தினார். கம்பளமும் பந்தும் உதாரணத்துல ஆரம்பிச்சு, தாழ்ப்பாள் வரைக்கும் நானே சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, "இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"ன்னார்.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 11.2.

மூன்றாவது இன்னிங்ஸ்
11.2! சபாஷ். உண்மையைச் சொன்னா கொஞ்சம் பொறாமையா இருக்கு மா, மாத்திரை இல்லாம இருக்கற ஜிஸ்ட்காரங்களைப் பார்த்தா. ஸ்கேன் தேதி வரும்போது ஒரு வாரம் முன்னாடியே தூக்கம் போகும், உனக்கும் அம்மாவுக்கும். அப்ப இங்க வந்து எழுது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு நான் முழிச்சுதான் இருப்பேன்.

எறும்பு
சித்தப்பா கஹால் கட்சியா முன்னோடிக் கட்சியா, கேட்டுச் சொல்லுங்க.